புனிதா டீச்சரின் கைகள்

புனிதா டீச்சர் பாடம் நடத்தினால் வாய் பாதி பேசும், கை மீதி பேசும். ஒலக்கூர் ஒன்றியத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்தாலும், "யாரு, அந்தக் கை டீச்சரா?" என்றுதான் கேட்பார்கள். அவ்வளவு பேர் வாங்கிய கைகள் அவை.

நாலாம் வகுப்பு வரைக்கும் வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு அவள் ஒலி சொல்லிக்கொடுக்கிற அழகே தனி. 'ம்' என்றால் இரண்டு விரல்களை உதட்டுக்கு முன்னால் ஒட்டவைத்துக் காட்டுவாள். 'ப்' என்றால் குவிந்த விரல்கள் பட்டென்று விரியும். 'க்' என்றால் தொண்டைக்கு நேராக ஒரு கொக்கி. 'ட்' என்றால் நாக்கு மடங்குவதுபோல ஆள்காட்டி விரல் மடங்கும். கூடவே 'அ' வந்தால் உள்ளங்கை திறக்கும். 'ஆ' வந்தால் திறந்த கை வயிறு வரைக்கும் இறங்கும். ப், அ, ட், அ, ம். "படம்!" என்று வகுப்பே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தும். பார்க்கக் கண் கொள்ளாது, அதில் பொய் சொல்லக் கூடாது.

வித்தை அவளுடையது அல்ல. திண்டிவனத்தில் நடந்த பயிற்சியில் ஆரோக்கியராஜ் என்கிற பயிற்றுநர் கற்றுத்தந்தது. "எழுத்தை அப்புறம் காட்டலாங்க," என்பார் அந்த மனிதர். "படம்ன்ற சொல்லுக்குள்ள எத்தனை சத்தம் ஒளிஞ்சிக்கினு இருக்குன்னு மொதல்ல பிள்ளைக்குக் கேக்கணும். அது கேக்காத பிள்ளையை எழுதச் சொன்னா அது எழுதாது, கோலம்தான் போடும்."

அவர் சொன்ன முறை இதுதான். டீச்சர் பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் சத்தத்துக்குத் தொண்டை அதிர்கிறது, எந்தச் சத்தத்துக்கு உதட்டுக் காற்று உள்ளங்கையில் வந்து இடிக்கிறது என்று பிள்ளை தொட்டுத் தெரிந்துகொள்ளும். அப்புறம் அது தன் தொண்டையிலேயே கை வைத்துப் பார்க்கும். நடுவில் கொஞ்ச காலத்துக்கு மட்டும் கை ஜாடை. "ஜாடை நடைவண்டி மாதிரிங்க. நடக்க வந்ததும் எடுத்துடணும். மறந்துடாதீங்க," என்று முடித்தார்.

புனிதாவுக்கு எல்லாமே பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. அவளுடைய பள்ளிக்கூடம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது. படிக்கத் திணறுகிற பிள்ளைகளில் முக்கால்வாசி காலனிப் பிள்ளைகள். அவர்கள் கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொள்வதா? சீ! நிலபுலத்தோடு இருக்கிற வீட்டில் பிறந்து, திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருக்கிற கோபியைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், படித்தவள் இல்லையா? "கொரோனாவுக்கு அப்புறம் தொடாம இருக்கிறதுதான் சார் சுகாதாரம்," என்பாள். அதனால் தொடுகிற பாடத்தை அப்படியே கத்தரித்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் நின்றபடி ஜாடையை மட்டும் காற்றில் காட்டினாள். ஊர்ப் பிள்ளைகளையும் தொடவிடவில்லை. ஆகவே யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. என்ன, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயந்திரமானால் டியூஷன் இருந்தது.

நடைவண்டியை எடுக்க வேண்டும் என்பதும் மறந்துபோயிற்று. கை அசைந்தால் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆய்வுக்கு வருகிறவர்கள் வாய் பிளக்கிறார்கள், அப்புறம் எதற்குக் கையை இறக்குவாள்?

அந்த வகுப்பில் மலர்விழி என்று ஒருத்தி. காலனியில் சவுரிராயன், செண்பகம் தம்பதியின் இரண்டாவது பெண். ஜூன் மாதம் வகுப்புக்குள் வந்தபோது தன் பெயரின் முதல் எழுத்துகூட அடையாளம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விதை, தளிர், பூ என்று மூன்றாகப் பிரித்துச் சட்டையில் வில்லை குத்தியிருந்தார்கள். எழுத்து தெரியாதவர்கள் விதை. "ஏ விதை, இன்னும் மொளைக்கலியா?" என்று தெருவில் பெரிய பையன்கள் மலர்விழியைத் துரத்தித் துரத்திக் கேலி செய்வார்கள். அவள் வில்லையைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடுவாள்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கண் இருந்தது, அப்படி ஒரு கண்! புனிதா டீச்சரின் விரல் லேசாக மடங்கினால் போதும், சத்தத்தைப் பிடித்துவிடும். ஒன்றோடு ஒன்றைக் கோத்து, மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் சொல்லைச் சொல்லிவிடும். தீபாவளி கழிந்ததும் முழுப் பத்தியைக் கடகடவென்று படித்தது. கூட வேலை செய்கிற இளம் ஆசிரியர் நெடுஞ்செழியன், மலர்விழியின் முகத்துக்கு நேராகக் கைபேசியைப் பிடித்து அதைப் படம் எடுத்தான். படத்தில் பிள்ளையும் புத்தகமும் மட்டும்தான் இருந்தன. டீச்சரின் கைகள் படத்துக்கு வெளியே இருந்தன.

அந்தப் படம் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுக்களில் சுற்றோ சுற்று என்று சுற்றி விழுப்புரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பொங்கலுக்கு அப்புறம் மாவட்ட அளவில் வாசிப்பு விழா, புனிதா டீச்சருக்கு விருது, அதே மலர்விழி மேடையில் படித்துக்காட்ட வேண்டும் என்று தகவல் வந்தது. புனிதாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விருதுக்குக் கட்ட ஒரு பட்டுப்புடவை எடுத்தாள். நாத்தனார்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

மறுநாளே செண்பகம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். வயல் வேலையிலிருந்து நேராக வந்தவள், வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள்.

"டீச்சர், அந்த வீடியோவ அவங்கப்பா ராவும் பகலும் பாத்துக்கினே இருக்காரு டீச்சர். பொங்கல் கழிச்சி நாங்க கரும்பு வெட்டுக்குப் போறோம். இதையும் இட்டுக்கினு போய் கைக்கொழந்தையப் பாத்துக்க வெச்சிக்கலாம்னுதான் இருந்தாரு. இப்ப இன்னா சொல்றாரு தெரியுமா? விழுப்புரத்துல எல்லாருக்கும் எதிர்க்கப் படிச்சிக் காட்டட்டும், திண்டிவனத்துல சிஸ்டருங்க ஹாஸ்டல்ல வுட்டுட்டுப் போலாம்ன்றாரு!"

"நல்ல விஷயந்தானே செண்பகம்?"

"பெரியவ அப்படித்தான் டீச்சர் ஒரு வருசம்னு இட்டுக்கினு போனோம். அத்தோட ஸ்கூலு பக்கமே வரல. அங்கியே ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டாரு. இதுவாச்சும் தப்பிக்கணும். அந்த ஆளு சொன்ன சொல்லு மாற மாட்டாரு. படிச்சா ஹாஸ்டலு. படிக்கலன்னா வெட்டுதான்."

"அதெல்லாம் என் பொறுப்பு. நீ ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கி வெச்சிடு," என்றாள் புனிதா. செண்பகம் அங்கேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

விழாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது குட்டு உடைந்தது. ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் போனுமாகப் புருஷனோடு பேசிக்கொண்டிருந்த புனிதா, பேச்சுக்கு நடுவில் புத்தகத்தை நீட்டி, "மலரு, அடுத்த வரியைப் படி," என்றாள். பதில் இல்லை. "படிடி!" அப்போதும் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. போனைப் பிடித்திருக்கிற கையையே பார்த்துக்கொண்டிருந்தது, அது எப்போது அசையும் என்று.

புனிதாவுக்குச் சுருக்கென்றது. மற்ற பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு விரட்டிவிட்டு மலர்விழியை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கரும்பலகையில் 'மரம்' என்று எழுதினாள். கையிலோ 'படம்' என்று ஜாடை காட்டினாள்.

"படம்!" என்றது பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பாக.

'பழம்' என்று எழுதி, 'கட்டம்' என்று காட்டினாள்.

"கட்டம்!"

புனிதா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இப்ப படி." மலர்விழி கொஞ்சம் சாய்ந்து, டீச்சரின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தது. அப்புறம் கெஞ்சுகிற குரலில், "கையக் காட்டுங்க டீச்சர்," என்றது.

புனிதாவுக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வந்தது தன்மேல் கோபம் என்று நினைத்தால் அது நம்முடைய வெகுளித்தனம். மேசையிலிருந்த மர ஸ்கேலை எடுத்துப் பிள்ளையின் விரல் முட்டியில் இரண்டு போட்டாள். "இவ்ளோ நாளா என்னை ஏமாத்திக்கினு இருந்தியாடி?"

"நீங்க காட்டுனததான டீச்சர் படிச்சேன்," என்று பிள்ளை அழுதது. அதைவிட நியாயமாக ஒரு பெரிய மனுஷிகூடப் பேசியிருக்க முடியாது. அதற்கும் ஒரு அடி விழுந்தது.

சாப்பாட்டுக்கு அப்புறம் மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதித்தாள். வல்லரசு என்கிற பையன் மாதிரி டியூஷனுக்குப் போகிற ஊர்ப் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்துப் படித்தார்கள். காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கையைப் பார்த்துப் படித்தார்கள்.

அன்று சாயந்திரம் ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டாள். தன் வகுப்பு என்று சொல்லவில்லை, தெரிந்த டீச்சர் ஒருத்தர் கேட்டதாகச் சொன்னாள்.

"தொண்டையில கை வெக்கவெச்சாங்களா அவங்க?" என்று கேட்டார் அவர்.

"அது... சரியாத் தெரியல சார்."

"அதான் விஷயம். ஒண்ணும் கெட்டுப்போகல மேடம். ஜாடையில சத்தத்தைக் கோத்துச் சொல்லத் தெரியுதுன்னா அந்தப் பிள்ளைக்குக் கஷ்டமான வேலை முடிஞ்சிடுச்சின்னு அர்த்தம். இனிமே எழுத்தோட சேக்குறதுதான் பாக்கி. கையை இறக்கிட்டுப் பொறுமையா உக்காந்தா மூணு மாசத்துல தன்னால படிக்கும். மூளை நல்லா வேலை செய்ற பிள்ளைங்க அது."

மூன்று மாசம்! இங்கே இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை. 'இந்தப் பிள்ளைக்கு இன்னும் அவகாசம் வேணும் சார், வல்லரசைக் கூட்டிக்கினு வர்றேன்,' என்று விழுப்புரத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், விருது போகும், படம் பொய்யாகும், நாத்தனார்கள் வாயில் விழ வேண்டும். கோபியிடம் சொன்னாள்.

"அட, இதுக்கா பேஜாரு படுற?" என்றான் கோபி, சோற்றைப் பிசைந்தபடி. "நீ மொத வரிசையில உக்காந்துக்கோ. பொண்ணு மேடையில நிக்கும், உன்னைப் பாக்கும். நீ கையக் காட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

புனிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து பயிற்சி அதுதான். மலர்விழியை நாற்காலியின் மேல் ஏற்றி நிறுத்தி, புத்தகத்தைக் கையில் கொடுத்து, கீழே பெஞ்சில் உட்கார்ந்து புடவை மடியில் கையைச் சின்னதாக அசைப்பாள். கண்ணைப் புத்தகத்தில் வைத்த மாதிரி வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் கையைப் பார்க்க வேண்டும். தவறினால் ஸ்கேல். பிள்ளை அதையும் பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் மலர்விழி தானாகவே தன் தொண்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஆச்சரியமாக, "டீச்சர், அ சொன்னா இங்க கிர்ருன்னுது டீச்சர்! மா சொன்னாலும் கிர்ருன்னுது. ஆனா ப் சொன்னா வாயிலதான் வருது!" என்றது. யாரும் சொல்லித்தராமல் ஒரு பிள்ளை அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. ஆரோக்கியராஜ் அங்கே இருந்திருந்தால் தூக்கி வைத்துக் கொஞ்சியிருப்பார்.

"கைய எறக்குடி," என்றாள் புனிதா. "என் கையப் பாரு."

விழா விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழைமரம், உள்ளே மைக் செட், மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்த ஆசிரியர்கள். செண்பகம் வெளுத்த புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தாள். சவுரிராயன் வேலைக்குப் போகாமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்த வளவனூர் ஆசிரியர் ஒருவரிடம், "அது எம்பொண்ணுதாங்க," என்று கேட்காமலேயே சொன்னான். புனிதா சீக்கிரமே வந்து முதல் வரிசையில், மைக்குக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்து, அதில் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

மலர்விழி மேடையேறி மைக்குக்குப் பின்னால் நின்றது. டீச்சர் எங்கே என்று பார்த்தது. டீச்சர் இருந்தாள். கை மடியில் இருந்தது. பிள்ளை சிரித்தது.

அப்போதுதான் விழாவைத் தொகுத்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்த யோசனை வந்தது. "விதையைப் பூவாக்கிய அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் கீழே உட்காரலாமா? புனிதா டீச்சர் மேடைக்கு வரணும்!"

"நான் இங்கியே இருக்கேன் சார், பரவாயில்ல," என்றாள் புனிதா.

"பாத்தீங்களா தன்னடக்கத்தை!" மண்டபம் கைதட்டியது. இரண்டு பேர் வந்து கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே போனார்கள். சால்வை போட்டார்கள், கையில் கேடயத்தைக் கொடுத்தார்கள், மாவட்ட அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மைக்குக்குப் பின்னால், பிள்ளையின் முதுகுக்குப் பின்னால்.

அதிகாரி நல்ல மனிதர்தான். எழுந்து போய்ப் பிள்ளையின் தலையைத் தடவி, தன் கையிலிருந்த கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். "பாடப் புத்தகம் மனப்பாடமா இருக்கும். இதைப் படி பாப்பா. இது யாரும் பாக்காத புத்தகம்," என்று சொல்லிவிட்டு, கையில் இன்னொரு மைக்கோடு வந்து உட்கார்ந்தார்.

மலர்விழி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையைப் பார்த்தது. நாற்காலியில் கைப்பை மட்டும் இருந்தது. பிள்ளை வாயைத் திறந்தது, மூடியது. அப்புறம் வாட்ஸப்பில் சுற்றிய அந்தப் பத்தியை, ஜாடை இல்லாமலே நெஞ்சில் நின்றிருந்த இரண்டு வரியை, வேகமாகச் சொல்லிப் பார்த்தது. புத்தகத்தில் இருந்தது நரிக் கதை, பிள்ளை சொன்னது மழையைப் பற்றி. முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று.

"பயப்படாம படி கண்ணு," என்றாள் புனிதா பின்னாலிருந்து, சிரித்த முகமாக. அவளுக்கு வேர்த்து ஊற்றியது.

குரல் வந்த திசையில் பிள்ளை திரும்பியது. அப்பாடா, டீச்சர் இங்கே இருக்கிறாள்! புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தது. கைகள் மடியில் இருந்தன, சால்வையும் கேடயமும் அவற்றை மூடியிருந்தன. பிள்ளை காத்திருந்து பார்த்தது. கை அசையவில்லை. ஒருவேளை கேடயம் கனமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, அதை மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டு, டீச்சரின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்கியது. உதட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கப் பார்த்தது.

"கையக் காட்டுங்க டீச்சர்," என்றது.

அந்த ஒரு நிமிஷம் எல்லாம் அவள் கையில்தான் இருந்தது. கையைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு, 'சார், இது என் தப்பு. இந்தப் பொண்ணுக்கு நான் பாதிதான் சொல்லிக்குடுத்தேன், மீதியும் சொல்லிக்குடுக்குறேன்,' என்றிருந்தால் என்ன, தலையா போயிருக்கும்? புனிதா கையை வெடுக்கென்று பிடுங்கி, பிள்ளையின் கைமேல் பட்டென்று ஒரு அறை விட்டாள்.

"தொடாதடி!"

அதிகாரி திடுக்கிட்டார். "என்ன மேடம் இது?"

புனிதா புடவையைச் சரிசெய்துகொண்டாள். வாய் தானாகப் பேசியது. "ஒண்ணுமில்ல சார். இது கொஞ்சம் மந்தம். பிறவியிலேயே அப்படித்தான். வீட்டுலயும் கவனிப்பு கிடையாது. ஒரு நாளைக்குப் படிக்கும், ஒரு நாளைக்கு இப்படிப் பண்ணும்."

அதிகாரியின் கையிலிருந்த மைக் திறந்தே இருந்தது. மந்தம் என்கிற சொல் மண்டபத்தின் நாலு மூலைக்கும் போயிற்று. கடைசி வரிசையில் செண்பகம் பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சவுரிராயன் யாரையும் பார்க்காமல் குழந்தையின் குல்லாயைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அதோடு விருது போயிருக்கும் என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. அதிகாரி எழுந்து மைக்கில் பேசினார். "இந்த மாதிரிக் குழந்தையையும் ஒரு பத்தி சொல்லவெச்சிருக்காங்க பாருங்க. எவ்வளவு பொறுமை வேணும்! ஆசிரியர்கள் எப்படிப்பட்ட சூழ்நிலையில வேலை செய்யறாங்கன்னு நாம புரிஞ்சிக்கணும்," என்றார். மண்டபம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. மலர்விழியை யாரோ தோளைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

வாசலில் சவுரிராயன் அடித்தான். வாழைமரத்துக்குப் பக்கத்திலேயே, வருகிறவர்கள் போகிறவர்கள் பார்க்க, குழந்தையைச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டு, மலர்விழியின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அடித்தான். "மானத்த வாங்கிட்டியேடி! ஊரு சனத்துக்கு எதிர்க்க மானத்த வாங்கிட்டியே!" கேடயத்தோடு வெளியே வந்த புனிதா அதைப் பார்த்தாள். நெடுஞ்செழியன்தான் ஓடிப்போய்த் தடுத்தான். அவள் கோபி கொண்டுவந்த காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். திண்டிவனம் வரைக்கும் அவளுக்குத் தலைவலி.

மூன்று நாள் மலர்விழி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நாலாம் நாள் மத்தியானம் செண்பகம் அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கன்னம் ஒரு பக்கம் இன்னும் வீங்கியிருந்தது. செண்பகத்தின் கையில் ஒரு பை நிறைய மல்லாட்டை, வேர்க்கடலைதான்.

"நாளைக்கு விடியகாலைல லாரி வருது டீச்சர். நாங்க போறோம். இதையும் இட்டுக்கினு போறோம்," என்றாள் வாசற்படிக்குக் கீழே நின்று. "உங்களுக்குப் போயி தலைகுனிவா ஆயிடுச்சே, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க எவ்ளோ பாடுபட்டீங்க! அந்த சனியனுக்கு மண்டையில ஏறல, நீங்க இன்னா பண்ணுவீங்க? மந்தம்னு நீங்க மேடையில சொன்ன அப்புறம்தான் எங்களுக்கும் வெளங்குச்சு. அவங்கப்பா இனிமே படிப்பு விஷயமா அடிக்க மாட்டேன்னுட்டாரு. ஆண்டவர் குடுத்தது அவ்ளோதான்னுட்டாரு."

புனிதா பிள்ளையைப் பார்த்தாள். மூன்று மாசம் என்று ஆரோக்கியராஜ் சொன்னது காதில் கேட்டது. 'இவளுக்கு மந்தம் கிடையாது செண்பகம், ஹாஸ்டல்ல விடு, நான் வந்து சிஸ்டர்கிட்ட பேசுறேன்.' இத்தனை சின்ன வாக்கியம். அதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். வாயைக்கூடத் திறந்தாள். அறைக்குள்ளே நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த நெடுஞ்செழியன் தலையைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. மந்தம் இல்லை என்றால் அப்புறம் என்ன என்று அவன் கேட்பான். கேடயம் வீட்டில் டிவிக்கு மேலே வைத்தாகிவிட்டது. நேற்றுத்தான் பெரிய நாத்தனார் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"பத்திரமாப் போயிட்டு வாங்க," என்றாள்.

"ஏய், இன்னாடி நிக்கிற? டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளு," என்று செண்பகம் மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "வழியெல்லாம் சொல்லிக்கினு வந்தேன்ல?"

மலர்விழி ஒரு படி ஏறி வந்தது. முன்பெல்லாம் டீச்சரின் கைகளை விட்டு அகலாத அந்தக் கண் இப்போது தரையைப் பார்த்தது. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கேயும் இடறாமல், நல்ல தெளிவான உச்சரிப்பில் சொன்னது.

"உங்களத் தொட்டதுக்கு மன்னிச்சிடுங்க டீச்சர்."

"சரி, போ. பரவாயில்ல," என்றாள் புனிதா. அவள் பிள்ளையை மன்னித்துவிட்டாள்.